பால் கொடுத்தால் உடம்பு வற்றுமா?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெண்ணின் தாய் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “நர்ஸம்மா, எம் மகளுக்கு ரத்தம் கம்மின்னு நீங்கதான் சொல்றீக. மாத்திரையும் குடுக்கிறீக. இதுல ஆறு மாசத்துக்குப் பிள்ளைக்குப் பாலு மட்டும் குடுன்னா, அவ உடம்புல என்ன மிஞ்சும்?”

நியாயமான கேள்வி. தாய்ப்பாலால் குழந்தைக்கு என்னென்ன நன்மை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறோம். கொடுக்கிறவளுக்கு என்ன ஆகிறது என்று அந்தச் சுவர் சொல்வதில்லை. வெளியே போவது என்னவோ உண்மை. நன்றாகப் பால் சுரக்கும் தாயின் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் போகிறது. அதில் பால் சர்க்கரை மட்டும் 50 கிராமைத் தாண்டும். 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. இதையெல்லாம் தயாரிப்பதற்கான எரிபொருளையும் சேர்த்து, முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது, 53 விழுக்காடு.

இப்படி இருக்கும்போது, பால் கொடுப்பது தாயின் உடம்புக்கு நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த அத்தியாயம் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்குப் பதில் சொல்லும் முயற்சி. அவருடைய கேள்வி வரவு செலவுக் கேள்வி என்பதால், பதிலையும் கணக்காகவே பார்ப்போம்.

அடிவயிறு ஏன் இழுக்கிறது?

பேறு முடிந்த முதல் நாள். குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்புகிறது. சில நொடிகளில் தாயின் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. முதல் பிள்ளைக்காரிக்கு லேசாகத் தெரியும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு வலிக்கும். மார்பில் சப்பினால் வயிறு ஏன் வலிக்க வேண்டும்?

முலைக்காம்பின் நரம்புகளிலிருந்து செய்தி மூளைக்கு ஏறுகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீரை இரத்தத்தில் விடுகிறது. இயக்குநீர் என்றால் ஹார்மோன். ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு பயணித்து, வேறோர் இடத்தில் வேலை செய்யும் பொருள். ஆக்ஸிடோசினுக்கு இரண்டு இடங்களில் வேலை. மார்பில், பால் பைகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. கருப்பையில், அதன் பெரிய தசைகளை இறுக்குகிறது. அந்த இறுக்கம்தான் பின்வலி.

1906-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், பிட்யூட்டரிச் சாறு சினைப்பூனையின் கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். 1953-இல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார். இரண்டு ஆண்டுகளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பேறு முடிந்ததும் தாய்க்கு உடனே போடும் ஊசியில் இருப்பது அந்த ஆக்ஸிடோசின்தான்.

ஊசி எதற்கு? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடம் திறந்த புண்ணாக இருக்கும். கருப்பைத் தசைகள் இறுகி இரத்தக் குழாய்களை நெரித்தால்தான் இரத்தம் நிற்கும். இறுகத் தவறினால் தாய் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். உலகில் பேறுகால மரணங்களுக்கு முதன்மைக் காரணமே இந்த இரத்தப்போக்குதான்.

அப்படியானால் பால் கொடுத்தாலே இரத்தம் நின்றுவிடுமா? மலாவியில் மருத்துவச்சிகள் பார்த்த பேறுகளில் இதைச் சோதித்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்தவுடன் குழந்தையைச் சப்ப வைத்ததால் மட்டும் பெரும் இரத்தப்போக்கு குறையவில்லை. உயிர் காக்கும் அந்த முதல் நிமிடங்களில் ஊசிக்கு மாற்று இல்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களில்தான் குழந்தையின் பங்கு பெரிது. பேறு முடிந்தபோது ஏறத்தாழ ஒரு கிலோ எடையிருந்த கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கியாக வேண்டும். குழந்தை ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் அந்த வேலை கொஞ்சம் நடக்கிறது. ஆகவே, வலிக்கிறது என்று குழந்தையை விலக்கும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது: வலி வேலை நடப்பதன் அடையாளம், மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும்.

மாதவிலக்கு தள்ளிப்போவது

பால் கொடுக்கும்வரை தீட்டு வராது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பெண் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி உண்டானதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு, குழந்தை எத்தனை தடவை சப்புகிறது என்பது.

குழந்தை சப்பும்போது மூளையில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. மாதந்தோறும் சூலகத்தைத் தட்டியெழுப்பி ஒரு சினைமுட்டையை முதிரச் செய்யும் கட்டளை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அடிக்கடி சப்பினால் அந்தக் கட்டளை தாளம் தவறி அடங்கிப்போகிறது. முட்டை முதிர்வதில்லை, மாதவிலக்கும் வருவதில்லை. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற இயக்குநீருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் சப்பும் இடைவெளி நீண்டால் எல்லாம் கைவிட்டுப் போகும்.

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதை மூன்று நிபந்தனைகளாக்கினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, அல்லது கிட்டத்தட்ட அது மட்டுமே. மூன்றும் பொருந்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நடைமுறையில் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நிபந்தனைகளில் ஒன்று உடைந்தாலும் வேறு கருத்தடை முறையை அன்றே தொடங்க வேண்டும். “பால் குடுக்கிறேன், ஒண்ணும் ஆகாது” என்ற அரை நம்பிக்கையில் எட்டாம் மாதத்தில் மறுபடி கருவுற்ற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடுத்த பிள்ளை தள்ளிப்போவதே பெரிய நன்மை. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெண்ணின் தாய் கேட்ட கேள்விக்கு அதுவே நேரடிப் பதில்.

இரும்புக் கணக்கு

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் இருக்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது 24, இரண்டாவது பிள்ளை, பேறு முடிந்து ஒரு மாதம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். ஹீமோகுளோபின் என்பது உயிர்வளியைச் சுமக்கும் சிவப்புப் பொருள். அதன் நடுவில் இருப்பது இரும்பு. பெண்களுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. 10 என்றால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கலாம், தண்ணீர்க் குடம் தூக்கினால் கண் இருட்டலாம்.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்தப் பெண்ணின் 100 மில்லி இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதால், அதில் 34 மில்லிகிராம் இரும்பு. சாதாரண மாதவிலக்கில் போகும் இரத்தம் 40 மில்லி என்று வைத்தால், ஒவ்வொரு மாதமும் அவள் இழப்பது ஏறக்குறைய 14 மில்லிகிராம் இரும்பு. அதிகப் போக்கு உள்ளவளாக இருந்து 80 மில்லி போனால், 27 மில்லிகிராம்.

இப்போது பாலைப் பார்ப்போம். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது, 0.35 என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை பிறக்கும்போதே கல்லீரலில் சில மாதத்துக்கான இரும்பைச் சேமித்துக்கொண்டு வருவதாலும், பாலில் உள்ள கொஞ்ச இரும்பையும் நன்றாக உறிஞ்சிக்கொள்வதாலும் அது போதுமானதாக இருக்கிறது. நாளுக்கு 750 மில்லி என்றால் மாதத்துக்கு இருபத்திரண்டரை லிட்டர் பால். அதில் போகும் இரும்பு சுமார் 8 மில்லிகிராம்.

மாதவிலக்கு வந்தால் 14 போகும். மாதவிலக்கு நின்று பால் கொடுத்தால் 8 போகும். மாதம் 6 மில்லிகிராம் மிச்சம். பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, கீரையில் உள்ள இரும்பில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் உடம்பில் ஒட்டுகிறது என்று நம் நாட்டு நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 6 மில்லிகிராமை உணவிலிருந்து ஈட்ட 75 மில்லிகிராம் இரும்புள்ள உணவு வேண்டும். அதிகப் போக்கு உள்ள பெண்ணுக்கு மிச்சம் மாதம் 19 மில்லிகிராம். அதை ஈட்ட 240 மில்லிகிராமுக்கு ஈடான உணவு தேவைப்படும். இது போக, கருவுற்ற காலத்தில் பெருகியிருந்த சிவப்பணுக்கள் பேறுக்குப் பின் குறையும்போது அவற்றின் இரும்பு சேமிப்புக்குத் திரும்புகிறது. மாதவிலக்கு நின்றிருக்கும் மாதங்கள் அந்தச் சேமிப்பைக் கலைக்காமல் விடுகின்றன.

நான் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். சாதாரணப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரும்பு 29 மில்லிகிராம். பால் கொடுக்கும் தாய்க்கு 23. கலோரி, புரதம், சுண்ணாம்பு எல்லாம் பாலூட்டும் தாய்க்குக் கூடுதலாக எழுதப்பட்டிருக்கும் அதே அட்டவணையில் இரும்பு மட்டும் குறைவாக இருக்கிறது.

ஆக, “ரத்தம் கம்மி, பாலு குடுக்க வேணாம்” என்று குழந்தைக்குப் புட்டிப்பாலை ஊட்டத் தொடங்கும் வீட்டில் என்ன நடக்கிறது? சப்பும் தடவை குறைகிறது. இரண்டு மூன்று மாதத்தில் மாதவிலக்கு திரும்புகிறது. இரத்தத்தைக் காப்பாற்றச் செய்த காரியமே இரத்தத்தை வெளியே விடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. அன்பினால் செய்யப்படுவது அது.

கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த மிச்சம் இரத்தசோகையைத் தானே குணப்படுத்திவிடாது. பேற்றின்போது அரை லிட்டர் இரத்தம் போயிருந்தால் 170 மில்லிகிராம் இரும்பு ஒரே நாளில் போயிருக்கும். ஆறு மாத மிச்சத்தைப் போல அது நான்கைந்து மடங்கு. அதனால்தான் பேறுக்குப் பின்னும் 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் இரும்பு ஒட்டாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போல வைட்டமின் சி உள்ளவற்றோடு விழுங்கலாம். மீன், ஈரல், இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். கடற்கரைக்காரர்களுக்கு அந்த வசதி உண்டு.

எலும்பும் காரல் சொதியும்

சுண்ணாம்புச் சத்தில் கதை வேறு. பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பு உண்மையிலேயே தேய்கிறது. எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 விழுக்காடு வரை குறைவதை அளந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் கேள்வி கேட்ட தாயின் அச்சம் சரியானது. ஆனால் குழந்தை பால்குடி மறந்தபின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எலும்பு பழையபடி நிரம்பிவிடுகிறது. பால் கொடுத்த பெண்களுக்கு முதுமையில் எலும்பு முறிவு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரல் மீன் சொதியும் செய்து கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவை பாலைப் பெருக்கும் என்பதற்கு உறுதியான சோதனை எதுவும் நான் அறிந்தவரை இல்லை. பாலைப் பெருக்குவது குழந்தை சப்புவதுதான். இருந்தாலும் அந்தச் சொதியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். புரதமும் சுண்ணாம்பும் சூடான சாறுமாக, வீட்டில் ஒருவர் அவளுக்கென்று சமைத்து அவள் கையில் கொடுப்பது அது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்பு இன்னும் கூடும். பெரிய சுறாவை மட்டும் தவிர்க்கலாம்; வயதேறிய பெரிய மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

சர்க்கரை எங்கே போகிறது?

பாலில் இருக்கும் 50 கிராம் சர்க்கரை வானத்திலிருந்து வரவில்லை. தாயின் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸை மார்பகம் இழுத்துக்கொண்டு பால் சர்க்கரையாக மாற்றுகிறது. நீரிழிவுக்கு வாசல் வரை வந்துவிட்ட பெண்ணின் உடம்பில் இது நாள்தோறும் நடக்கும் ஒரு நல்ல காரியம்.

அப்படி வாசல் வரை வருகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. கருவுற்ற காலத்தில் மட்டும் தலைகாட்டும் நீரிழிவைக் கருக்கால நீரிழிவு என்போம். இதை எல்லாக் கருவுற்ற பெண்களிடமும் தேட வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. அவர் குழு 2008-இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில் நகரத்துப் பெண்களில் 17.8 விழுக்காட்டினருக்கும் கிராமத்துப் பெண்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கும் அவருடைய எளிய சோதனைதான் இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கிறது. பிள்ளை பிறந்ததும் இந்தச் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல மடங்கு.

கலிஃபோர்னியாவில் எரிக்கா குண்டர்சன் குழுவினர் கருக்கால நீரிழிவு வந்த சுமார் ஆயிரம் தாய்மாரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களில் நீரிழிவு வந்தது, புட்டிப்பாலை மட்டும் நம்பியவர்களில் வந்ததில் பாதிக்கும் குறைவு. அதே குழுவின் இன்னோர் ஆய்வு முப்பது ஆண்டுகள் நீண்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்த பெண்களுக்கு, கொடுக்காதவர்களைவிட நீரிழிவு 47 விழுக்காடு குறைவாக வந்தது. உடற்பயிற்சி, எடை, சமூகப் பின்னணி எல்லாவற்றையும் ஈடுகட்டிப் பார்த்தபிறகும் அந்த வேறுபாடு நின்றது.

இதயத்துக்கும் இதே போக்கு. ஏறத்தாழ 12 லட்சம் பெண்களின் தரவுகளைத் திரட்டி 2022-இல் வந்த ஆய்வில், ஒருமுறையாவது பால் கொடுத்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் 11 விழுக்காடு குறைவு. எடை குறையும் என்று சொல்கிறார்களே என்றால், அதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். சிலருக்குக் குறைகிறது, பலருக்குக் குறைவதில்லை.

ஒரு பக்கம் மட்டும் பால் கொடுத்தவர்கள்

பால் கொடுத்தால் மார்பகப் புற்றுநோய் குறையும் என்று சொல்லும்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். பால் கொடுக்கும் பெண்கள் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாமே? 1926-இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற மருத்துவர் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டு, பிள்ளைப்பேறும் பாலூட்டலும் குறைந்தவர்களிடம் நோய் கூடுதல் என்று கண்டார். அப்போதிருந்தே இந்தச் சந்தேகமும் உண்டு.

அதற்கு யாரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை வந்தது. ஹாங்காங் கடலில் படகுகளிலேயே பிறந்து, படகுகளிலேயே வாழ்ந்த தங்கா என்ற மீனவ மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெண்கள் அணிந்த மேலாடை வலப்பக்கம் திறப்பது. படகில் வேலைக்கு நடுவே வலது மார்பில் மட்டும் குழந்தைக்குப் பால் கொடுப்பது அவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஒரே பெண், ஒரே மரபு, ஒரே உணவு, ஒரே வயது. ஒரு மார்பு பால் கொடுத்தது, இன்னொன்று கொடுக்கவில்லை. எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்று அமைக்க முடியாத சோதனை இது. ராய் இங், ஜான் ஹோ, நிக்கலஸ் பெட்ராக்கிஸ் ஆகியோர் 1977-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்: மாதவிடாய் நின்ற வயதைக் கடந்த தங்கா பெண்களில், பால் கொடுக்காத இடது மார்பில் புற்றுநோய் மிகத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். பெரிய ஆய்வு 2002-இல் வந்தது. 30 நாடுகளின் 47 ஆய்வுகள், புற்றுநோய் வந்த ஐம்பதாயிரம் பெண்கள், வராத கிட்டத்தட்ட ஒரு லட்சம் பெண்கள். பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. ஒவ்வொரு பேற்றுக்கும் தனியாக 7 விழுக்காடு குறைகிறது. மூன்று பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டு கொடுத்தவளுக்குப் பாலால் மட்டும் ஏறத்தாழ 12 விழுக்காடு. செல்வ நாடுகளின் பெண்கள் ஏழை நாட்டுப் பெண்களைப் போலப் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்திருந்தால், எழுபது வயதுக்குள் நூறில் 6.3 பேருக்கு வரும் நோய் 2.7 பேருக்குத்தான் வந்திருக்கும் என்றும், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு பாலூட்டலால் என்றும் அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோய் வந்த 1,800-க்கு மேற்பட்ட பெண்களையும் வராத அதே அளவு பெண்களையும் ஒப்பிட்டு, வெ. கஜலட்சுமி முதலானோர் 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடம், வாழ்நாளில் பால் கொடுத்த காலம் நீள நீளப் புற்றுநோய் குறைந்தது. மாதவிடாய் நின்றவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஹாங்காங்கில் கண்டதற்கு இது நேரெதிர். அறிவியலில் இப்படி நடக்கும். இரண்டும் சேர்ந்து சொல்வது, பாதுகாப்பு உண்டு, ஆனால் எல்லாப் பெண்களுக்கும் எல்லா வயதிலும் ஒரே அளவில் இல்லை என்பது.

எப்படிக் காக்கிறது? பால் சுரக்கும்போதுதான் மார்பகச் செல்கள் முழுமையாக முதிர்கின்றன. முதிர்ந்த செல் எளிதில் தறிகெடாது. மாதவிலக்கு நின்ற மாதங்களில் ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கமும் இல்லை. 2025 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் மெல்போர்னைச் சேர்ந்த ஷெரீன் லோய் குழுவினர் மூன்றாவது காரணத்தைக் காட்டினார்கள். பேறும் பாலூட்டலும் முடிந்தபின் கொலைச் செல்கள் என்று சொல்லத்தக்க ஒருவகை வெள்ளையணுக்கள் மார்பகத்தில் தங்கிவிடுகின்றன. அவை பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, தறிகெட்ட செல்களைக் கண்டால் தாக்குகின்றன. எலிகளில் இந்தச் செல்களை நீக்கியதும் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. சூலகப் புற்றுநோயும் பால் கொடுத்தவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. முட்டை வெளிப்படும் ஒவ்வொரு மாதமும் சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது, பால் கொடுக்கும் மாதங்களில் அதற்கு ஓய்வு.

இவையெல்லாம் பெருங்கூட்டத்தைப் பற்றிய எண்கள். பால் வராமலோ, நோயாலோ, மருந்தாலோ கொடுக்க முடியாமல் போன தாய் இவற்றைப் படித்துத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பால் கொடுத்தும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டி தட்டுப்பட்டால் “நான்தான் மூணு பிள்ளைக்கும் குடுத்தேனே” என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பாசிக்குப் போகும் நாள்

மேலே சொன்ன நன்மைகளில் பெரும்பாலானவை ஒரே நிபந்தனையில் தொங்குகின்றன: அடிக்கடி, நீண்ட மாதங்கள். தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடு. மீதிக் குழந்தைகளின் தாய்மார் கொடுக்க விருப்பமில்லாமல் நிறுத்தியதாக நான் நினைக்கவில்லை.

சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு வருவோம். அவள் பாசி எடுப்பவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறாள். காலையில் படகில் ஏறினால் வீடு திரும்ப ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். நான்கு மணி நேர இடைவெளி அங்கேயே உடைந்துவிடுகிறது. கடலில் நிற்கும்போது மார்பில் பால் கட்டி நெறி ஏறும். தேங்கிய பால், இனிச் சுரக்க வேண்டாம் என்று மார்பகத்துக்கே சொல்லிவிடும். சில வாரத்தில் பால் குறையும், மாதவிலக்கு திரும்பும், இரும்புக் கணக்கு பழையபடி ஆகிவிடும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். சிலியில் அப்படிச் செய்த, வேலைக்குப் போகும் தாய்மாரிடம் கருத்தரிப்பு நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் குளிர்பெட்டி இல்லாத ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில், பீய்ச்சிய பால் எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும்?

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு. நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம். பாசி எடுப்பவளுக்கு முதலாளி என்று யாருமில்லை. அதனால் விடுப்பும் இல்லை. அவளுக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். மீதி 14,000-ஐ ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 78 ரூபாய் வருகிறது.

இதே கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிப்பதில்லை. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசு தடை போட்டு, மீனவர் குடும்பத்துக்கு நிவாரணத் தொகையும் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்த அதை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. பாசி எடுக்கும் பெண்களும் அந்தத் தடைக்காலத்தில் 45 நாள் தாங்களாகவே கடலில் இறங்காமல் இருக்கிறார்கள், பாசி மறுபடி வளரட்டும் என்று. கடலுக்கு இடைவெளி விடத் தெரிந்த ஊர் இது. பிள்ளை பெற்றவளுக்கு ஆறு மாதம் கரையில் இருக்க ஒரு பால்கால நிவாரணம், தடைக்கால நிவாரணம் வரும் அதே வங்கிக் கணக்கில் வரலாம். மகப்பேறு உதவிக்கு அவள் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் அதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதற்கான பட்டியலும் தயாராக இருக்கிறது.